ஐந்து மணிக்கு மங்கிய படம்

பஷந்தி மாமாவுக்கு மாலை ஆறு மணிவரைதான் கெடு. ஆறு மணிக்குக் குடியிருப்போர் சங்கம் மாடிப்படிக்குக் கீழே கூடும். கூடி, கைகளைத் தூக்கும். தூக்கியதும், பதினெட்டு வருடமாக அந்தக் கட்டடத்தைக் காவல் காத்தவர், படிக்கட்டுக்கு அடியில் இருக்கும் அறையைக் காலி செய்துவிட்டு, மனைவி, மூன்று பெண் குழந்தைகளோடு சொந்த ஊரான அஸ்யூத்துக்கு ரயில் ஏற வேண்டும். போலீசுக்குப் போகாமல் விடுவதே பெருந்தன்மை என்று சங்கத் தலைவர் ஷுக்ரி பாஷா எழுத்து மூலம் அறிவித்திருந்தார். எழுத்தில் இரண்டு பிழைகள் இருந்தன. பெருந்தன்மையில் எத்தனை என்று பார்க்கத்தான் நாங்கள் போய்க்கொண்டிருந்தோம்.

நாங்கள் என்றால் மேடம் இஃப்பத்தும் நானும். மேடம் இஃப்பத், இணைய இணைப்பு கொடுக்கும் ஒரு கம்பெனியில் இருபத்தாறு வருடம் புகார் மேசையில் உட்கார்ந்திருந்தவர். ‘நான் எதையுமே பார்க்கல மேடம், ஜிகாபைட் தானா தீர்ந்துபோச்சு’ என்று நாளுக்கு நூறு பேர் சத்தியம் செய்வதைக் கேட்டுக் கேட்டு, மனித குலத்தின் மேல் நம்பிக்கை இழந்து, விருப்ப ஓய்வு பெற்று, துப்பறிய வந்துவிட்டார். நான் தர்வீஷ். கெய்ரோவின் ஷுப்ராப் பகுதியில், ஒரு கோஷரிச் சாப்பாட்டுக் கடையின் மாடியில் இருக்கும் அவர் அலுவலகத்தின் ஒரே ஊழியன். வணிகவியல் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன்; மூன்றாவது முறையாக.

கட்டடத்துக்குள் நுழைந்தபோது மணி நான்கு. லிஃப்ட் வேலை செய்யவில்லை. எப்போதிலிருந்து என்று கேட்பது ஷுப்ராவில் நாகரிகமில்லை. மூன்றாவது மாடியில், எங்களை அழைத்த ஷாஹிநாஸ் கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தாள். வீட்டில் ஷாஹி. இருபத்து மூன்று வயது. தினமும் மாலை ஐந்து முதல் ஏழு வரை தன் அறையில் உட்கார்ந்து சண்டை விளையாட்டு ஆடுவாள். அதை ஆறாயிரம் பேர் நேரலையில் பார்ப்பார்கள். வரும் சனிக்கிழமை கெய்ரோ அணிக்கு ஆள் எடுக்கிறார்கள். அதற்குள், செவ்வாய்க்கிழமை, அவள் கம்ப்யூட்டரை எவனோ எடுத்துவிட்டான். பூட்டு உடைபடவில்லை. மாற்றுச் சாவி இருந்த ஒரே இடம், பஷந்தி மாமாவின் அறைச் சுவரில் இருந்த ஆணி. அத்தோடு சங்கத்தின் விசாரணை முடிந்துவிட்டது.

“மாமா எடுத்திருக்கவே மாட்டாரு மேடம்,” என்றாள் ஷாஹி. “அதை அவரு ஃப்ரிட்ஜ்னுதான் சொல்வாரு.”

“ஃப்ரிட்ஜ்னு நினைச்சும் எடுக்கலாமே,” என்றேன்.

“தர்வீஷ்,” என்றார் மேடம். என் பெயரை அவர் நான்கு விதமாக உச்சரிப்பார். இது ‘வாயை மூடு’.

மேசை காலியாக இருந்தது. வயர்கள் மட்டும், வேர்வை துடைக்காத கைகள் போலத் தொங்கின. மூலையில் இணையப் பெட்டி பச்சை விளக்கோடு உயிருடன் இருந்தது. அதிலிருந்து ஒரு கறுப்பு வயர் ஜன்னல் வழியே வெளியேறி, கட்டடத்தின் நடுவே காற்றுக்காக விட்ட கிணறு போன்ற இடைவெளியைத் தாண்டி, எதிர்ச் சமையலறை ஜன்னலுக்குள் போனது.

“அது யார் வீட்டுக்கு?”

“இஞ்சினியர் ஹைஸம் வீட்டுக்கு. லைன் ஒன்னுதான், ரெண்டு வீடும் பாதிப் பாதி. அவரும் நேரலை போறவர்தான்.”

“ஒரே லைன்ல ரெண்டு பேர் எப்படிம்மா போறீங்க?”

“சண்டை போட்டுத்தான் மேடம். நான் படத்தோட தரத்தை 720-ல வைப்பேன். இந்த லைனுக்கு அது நிம்மதியா போகும். அவரு 1080. அதுக்குக் கீழ இறங்கவே மாட்டாரு. அஞ்சுலேர்ந்து ஏழு வரைக்குமாவது 480-க்குக் குறைங்கன்னு கெஞ்சிப் பார்த்தேன். ‘என் மூஞ்சி என்ன தபால்தலையா’ங்கறாரு. தரத்தை ஆட்டோமேட்டிக்ல விட்டுட்டாரு. லைன்ல இடமில்லன்னா அதுவாவே படத்தை மங்கலாக்கிக்கும். அஞ்சுக்கு நான் ஏறினதும் அவர் படம் சேறு. ஏழுக்கு நான் இறங்கினதும் கண்ணாடி. தினமும் இதே கதை.”

இந்தத் தொழில் தெரியாதவர்களுக்காக: நேரலையில் படம் பளிச்சென்று இருக்க வேண்டுமானால், நொடிக்கு நொடி நிறைய சரக்கை வயர் வழியே வெளியே தள்ள வேண்டும். வயர் தாங்காவிட்டால் இரண்டே வழி. ஒன்று, படத்தின் தரத்தைக் குறைக்கலாம். அல்லது, படம் விக்கி விக்கி, குண்டு கிளம்புவதற்கு முன்பே ஆள் செத்து விழுவதை ரசிகர்கள் பார்க்கலாம்.

“வேற யாராவது இந்த லைன்ல?”

“அம்மா மட்டும். அதுவும் போன்ல, சித்திக்கு ரோஜாப்பூ படம் அனுப்ப. செவ்வாய்க்கிழமை அம்மா போனோட பல் டாக்டர்கிட்ட இருந்தாங்க. நான்தான் நாலே காலுக்குக் கூட்டிட்டுப் போனேன். அங்க உக்கார வச்சிட்டு, அஞ்சு மணி ஆட்டத்துக்கு ஓடி வந்தேன். நாலு அம்பதுக்குக் கதவைத் திறக்கறேன், மேசை மொட்டையா இருக்கு. நான் அப்படியே தரையில உக்காந்துட்டேன். ஆறு மணி வரைக்கும் எழுந்திருக்கல.”

மேடம் சின்ன நோட்டில் ஏதோ எழுதினார். எட்டிப் பார்த்தேன். ‘தரை. ஆறு மணி வரை.’ என்று இருந்தது. புகார் மேசைக்காரர்கள் இப்படித்தான். நாம் முக்கியம் என்று நினைப்பதை எழுத மாட்டார்கள்.

கீழே, பஷந்தி மாமா மெத்தையைச் சுருட்டிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். அவர் மனைவி பாத்திரங்களைப் பழைய துணியில் சுற்றிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்து நிமிரக்கூட இல்லை.

“நாலரைக்கு எங்க இருந்தீங்க மாமா?” என்று கேட்டார் மேடம்.

“ரொட்டி வரிசையில நின்னேன் மேடம். அதோ, எதிர்க்க. நாலே முக்கால் வரைக்கும். சாவி ஆணியில தொங்கிச்சு, திரும்பி வந்தப்பவும் தொங்கிச்சு. கூட எடுத்துட்டுப் போனேன்னு சொன்னா, அப்ப நீதான் எடுத்தேன்னுவாங்க. விட்டுட்டுப் போனேன்னு சொல்றேன், அப்பவும் நீதான்னுறாங்க.”

“வாசல் வழியா யாராவது எதையாவது தூக்கிட்டுப் போனாங்களா?”

“வாசல் என் கண்ணு முன்னாடியே இருந்துச்சு. ஒரு பூனைகூடப் போகல.”

“அப்ப கட்டடத்துல யாரு இருந்தா?”

“ரெண்டாவது மாடி மொத்தமும் கல்யாணத்துக்குப் போயிருச்சு. நாலாவது மாடி ஆபீசுல. பாஷா கிளப்புல. இஞ்சினியர் ஹைஸம் ஒருத்தருதான் இருந்தாரு. அவரும் டிவியில இருந்தாரு.”

ஆக, பொருள் கட்டடத்தை விட்டு வெளியே போகவில்லை. பஷந்தி மாமாவின் அறையைச் சங்கம் இரண்டு முறை சோதித்திருந்தது. மாவுச் சாக்கைக்கூடக் கொட்டிப் பார்த்திருந்தது. குடியிருப்பவர்களின் வீடுகளைச் சோதிக்கவில்லை. அது அவமரியாதை என்று ஷுக்ரி பாஷா கருதினார். மாவுச் சாக்குக்கு மரியாதை தேவைப்படவில்லை.

“மேடம்,” என்றேன், மாடி ஏறும்போது. “எனக்கு ஷாஹி மேலயே சந்தேகமா இருக்கு. சனிக்கிழமை தோத்துப் போவோம்னு பயந்து அவளே ஒளிச்சு வச்சிருந்தா?”

“எனக்கும் அவ மேல சந்தேகம்தான்.”

“நிஜமாவா?”

“உன் மேலயும்தான். செவ்வாய்க்கிழமை நாலரைக்கு நீ எங்க இருந்தே?”

“கல்லூரியில.”

“அப்ப நிச்சயமா பொய்,” என்றபடி ஹைஸமின் மணியை அழுத்தினார்.

ஹைஸம் கால்நடை மருத்துவம் படித்தவன். ஆனால் எங்கள் பகுதியில் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் ஆண்பிள்ளை எல்லாரும் இஞ்சினியர்தான். முப்பது வயது இருக்கும். அறை முழுவதும் ஊதாவும் நீலமுமாக விளக்குகள். நாற்காலி, விமானத்திலிருந்து பிடுங்கி வந்தது போலிருந்தது. எங்களுக்குக் கட்டிலைக் காட்டினான். கட்டில் மேல் குளிர்காலப் போர்வைகள் மலை போலக் குவிந்திருந்ததால் நின்றுகொண்டோம்.

“மேடம், நான் தப்பா எடுத்துக்கல. கேக்க வேண்டியது உங்க கடமை. ஆனா எனக்கு நானூத்துப் பன்னெண்டு சாட்சி.”

“ஷாஹிக்கு ஆறாயிரம் பேராமே,” என்றேன்.

அவன் என்னைப் பார்த்த பார்வையில் மருந்தில்லாத ஒரு கால்நடை நோய் இருந்தது.

திரையில் அவனுடைய பழைய நிகழ்ச்சிகளின் பட்டியலைத் திறந்தான். நாள்வாரியாக அடுக்கியிருந்தது. செவ்வாய்க்கிழமையை அழுத்தினான். மூன்று மணிக்குத் தொடங்கி ஆறரைக்கு முடிந்த நிகழ்ச்சி. ஓரத்தில் சின்னச் சதுரத்தில் அவன் முகம்; சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டு, யாரையோ சுட்டுக்கொண்டு. நான்கரை, நான்கே முக்கால். முகம் அங்கேயே இருந்தது. எனக்குச் சப்பென்று போய்விட்டது.

“குரல் வரலியே?”

“அன்னிக்கு மைக் மக்கர் பண்ணிச்சு. புதன்கிழமை சரி பண்ணிட்டேன்.”

பக்கத்தில் ரசிகர்கள் எழுதியது ஓடிக்கொண்டிருந்தது. ‘அண்ணே பதில் சொல்லுங்க’, ‘அண்ணே உயிரோட இருக்கீங்களா’. அண்ணன் விதை கொறித்துக்கொண்டிருந்தார்.

“பழைய படத்தை எடுத்து ஓட்டிட்டு, நீங்க எழுந்து போயிருக்கலாமே,” என்றார் மேடம், பால் காய்ச்சியாச்சா என்று கேட்பது போல.

ஹைஸம் சிரித்தான். இந்தக் கேள்விக்காகவே காத்திருந்த சிரிப்பு. படத்தை ஐந்து மணிக்குத் தள்ளினான். “இதைப் பாருங்க.”

ஐந்து அடித்து நாற்பது நொடி. அதுவரை ஒவ்வொரு புல்லும் தனித்தனியாகத் தெரிந்த வயல், திடீரென்று பச்சைக் கஞ்சியானது. எதிரிகள் கட்டம் கட்டமாகக் கரைந்தார்கள். ஹைஸமின் மூக்கு அவன் கன்னத்தோடு கலந்தது.

“படம் செத்துப்போச்சு,” என்றான், மருத்துவச் சான்று கொடுப்பவன் போல. “தினமும் அஞ்சு மணிக்கு எங்க லைன்ல இடம் போயிடும். ஊருக்கே தெரியும். இந்தக் கட்டடத்துல உக்காந்து, அந்த நிமிஷத்துல நேரலை போறவனுக்கு மட்டும்தான் மேடம் இப்படி மங்கும். இது என் கைரேகை மாதிரி.”

“நீங்களே தரத்தைக் குறைச்சிருப்பீங்களோ?”

“நானா?” நெஞ்சில் கை வைத்தான். “நான் குறைச்சதா சரித்திரமே கிடையாது. அதோட, 1080-லேர்ந்து கையால குறைக்கணும்னா நிகழ்ச்சியை நிறுத்திட்டு மறுபடி ஆரம்பிக்கணும். எங்கயாவது அறுந்திருக்கா பாருங்க. மூணரை மணி நேரம், ஒரே நூலு.”

“அப்ப லைன் நெரிசல்தான் காரணம்.”

“அது மட்டும்தான் காரணம்.”

“எழுதிக் கொடுங்களேன். ஷுக்ரி பாஷாவுக்கு எழுத்துல இருந்தாத்தான் புரியும்.”

சந்தோஷமாக எழுதினான். அடியில் ‘இஞ்சினியர் ஹைஸம்’ என்று கையெழுத்துப் போட்டு, அதன் கீழே இரண்டு கோடும் இழுத்தான். மேடம் அதை மடித்துக்கொண்டே பட்டியலைப் பார்த்தார்.

“ஞாயித்துக்கிழமை நிகழ்ச்சியைக் காணோமே?”

“லீவு போட்டேன் மேடம். நானும் மனுஷன்தானே.”

வெளியே வந்ததும் நான் படியில் உட்கார்ந்துவிட்டேன். மணி நாலு ஐம்பது. “முடிஞ்சுது மேடம். படம் மங்கியிருக்கு. மங்கினா நேரலை. நேரலைன்னா அவன் இல்ல. ஒரு மணி நேரத்துல பஷந்தி மாமா ரயில் ஏறப் போறாரு.”

“படம் மங்கினது நிஜம்,” என்றார் மேடம். “அதுதான் எனக்குப் பிடிக்கல. வா, ஷாஹி வீட்டுல ஒரு டீ குடிப்போம்.”

புதினா டீ வந்தது. மேடம் என் போனை வாங்கி, எங்களை அனுப்பிவிட்டு ஹைஸம் தொடங்கியிருந்த நேரலையைப் போட்டு, காலியான மேசை மேல் சாய்த்து வைத்தார். மூன்று பேரும் அதைச் சுற்றி, அடுப்பில் ஏதோ பொங்கக் காத்திருப்பவர்கள் போல உட்கார்ந்தோம். போனில் ஹைஸம் பேசிக்கொண்டே சுட்டான்; மைக் பிரமாதமாக வேலை செய்தது. ஐந்து அடித்தது. ஐந்து ஒன்று. ஐந்து மூன்று. வயலில் ஒவ்வொரு புல்லும் தனித்தனியாக ஆடியது. ஐந்து ஏழுக்கு அவன் மூக்கிலிருந்த பருகூடத் தெரிந்தது.

“இன்னிக்கு மங்கவே இல்லையே,” என்றேன்.

“ஏன் மங்கணும்?” என்றார் மேடம்.

நான் போனைப் பார்த்தேன். காலி மேசையைப் பார்த்தேன். ஷாஹி என்னைப் பார்த்தாள். அவள் கையிலிருந்த டம்ளர் சாய்ந்து, டீ பாவாடையில் கொட்டியது, அவள் கவனிக்கவில்லை.

ஆறு மணிக்குச் சங்கம் கூடியது. ஒன்பது பேர். மூன்று நாற்காலிகள். மற்றவர்கள் படிகளில் மாடி வரிசைப்படி உட்கார்ந்தார்கள். பஷந்தி மாமா தன் அறை வாசலில், கட்டிய மூட்டைகளுக்கு நடுவே நின்றார். கடைக்குட்டிப் பெண் அவர் அங்கியின் நுனியைப் பிடித்திருந்தது. ஹைஸம் கடைசியாக இறங்கி வந்து, அவர் தோளில் தட்டி, “கவலைப்படாதீங்க மாமா, ஊர்ல நல்ல காத்து,” என்றான்.

ஷுக்ரி பாஷா தொண்டையைச் செருமினார். “கை தூக்கறதுக்கு முன்னாடி யாராவது ஏதாவது சொல்லணுமா?”

“எனக்கு ரெண்டு கேள்வி இருக்கு,” என்று எழுந்தார் மேடம். மடித்த தாளைப் பிரித்து, ஹைஸம் எழுதியதை உரக்கப் படித்தார். செவ்வாய்க்கிழமை ஐந்து மணிக்குப் படம் மங்கியது. கையால் குறைக்கவில்லை. லைன் நெரிசல் மட்டுமே காரணம். “இது உங்க கையெழுத்துதானே இஞ்சினியர்?”

“ஆமா மேடம். அதான் நேரலைக்கு சாட்சி.”

“தினமும் அஞ்சு மணிக்கு உங்க லைன்ல நெரிசல் பண்றது யாரு?”

“ஷாஹிதான். அவ அஞ்சு மணிக்கு ஏறு...” அங்கே நின்றான். அறுந்துபோன நேரலை அப்படித்தான் இருக்கும். வாய் திறந்தபடி, அடுத்த சொல் வராமல்.

“செவ்வாய்க்கிழமை அஞ்சு மணிக்கு ஷாஹி எங்க இருந்தா?” என்று கேட்டார் மேடம். பதிலையும் அவரே சொன்னார். “தரையில. கம்ப்யூட்டர் போனது தெரிஞ்சு பத்து நிமிஷம் ஆச்சு. அம்மா பல் டாக்டர்கிட்ட. லைன் மொத்தமும் காலியா உங்களுக்கே கிடந்துச்சு. இன்னிக்கு மாதிரி கண்ணாடியா தெரிஞ்சிருக்கணும். ஆனா சொல்லிவச்ச மாதிரி மங்கிச்சு. ஷாஹி ஆடின ஏதோ ஒரு நாள்ல எடுத்த படம் அது. அந்த நாளோட மங்கலும் சேர்ந்தே வந்துடுச்சு.”

“அவ... போன்ல ஏதாவது பாத்திருப்பா.”

“போன்ல நான் பாஷாகிட்டதான் அழுதுட்டிருந்தேன்,” என்றாள் ஷாஹி.

“அது உண்மை,” என்றார் பாஷா. “கிளப்புல எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க.”

“அப்ப கேபிள்ல ஏதோ கோளாறா இருக்கும். நான் என்ன...”

“எந்த நாள் படம்னும் தெரியும்னு நினைக்கிறேன்,” என்றார் மேடம். “ஞாயித்துக்கிழமை நீங்க லீவு, இல்லையா?”

“லீவா?” ஷாஹி எழுந்துவிட்டாள். “ஞாயித்துக்கிழமை அஞ்சே காலுக்குத்தானே என் கதவை உதைச்சீங்க, ‘உன்னால என் படம் சேறாகுது’ன்னு? அம்மாகூட உங்களுக்கு எலுமிச்சைச் சாறு கொடுத்து அனுப்பினாங்களே.”

இரண்டாவது மாடிக்காரர் மெல்ல நகர்ந்து, ஹைஸம் உட்கார்ந்திருந்த படியில் அவனுக்கு நிறைய இடம் விட்டார்.

ஹைஸம் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டே பேசினான். “விக்கறதுக்கு எடுக்கல. சனிக்கிழமை வரைக்கும்தான். அதுக்கப்புறம் மாடித் தண்ணித் தொட்டிகிட்ட வச்சிடலாம்னு... மூணு வருஷமா ஆடறேன். நல்லா ஆடறேன். ஆனா ஜனங்க வீட்டுக்கு வந்து உக்கார்ற நேரம் அஞ்சு மணி. அந்த நேரத்துல என் மூஞ்சி எவனுக்கும் சரியா தெரிஞ்சதே இல்ல. ஒரு வாரம், ஒரே ஒரு வாரம் தெளிவா தெரியணும்னு பாத்தேன்.”

“720-ல வச்சிருந்தா ரெண்டு பேருமே தெரிஞ்சிருப்போம்,” என்றாள் ஷாஹி. அதைக் கோபமாகச் சொன்னாளா, வருத்தமாகவா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம். “சனிக்கிழமைக்கு நீங்களும் பேர் கொடுத்திருக்கீங்களா?”

அவன் ஆமென்று தலையசைத்தான்.

“அது எங்க இப்போ?” என்றார் மேடம்.

“கட்டில்ல. போர்வைக்கு அடியில.”

நான் அந்தப் போர்வை மலைக்கு அரை அடி தூரத்தில் பதினைந்து நிமிடம் நின்றிருந்தேன் என்பதை மேடம் சபையில் சொல்லவில்லை. ‘தர்வீஷ்’ என்று மட்டும் சொன்னார். ஐந்தாவது விதம், இதுவரை கேட்டதில்லை.

ஷுக்ரி பாஷா நீண்ட நேரம் மீசையைத் தடவினார். மன்னிப்பு என்ற சொல் அவர் தொண்டை வரை வந்து, அங்கே யாரும் வழி விடாததால் திரும்பிப் போனது தெரிந்தது. கடைசியில், எதுவுமே நடக்காதது போல, வழக்கமான குரலில் சொன்னார்: “சரி. முடிஞ்சுது. பஷந்தி, மேல போய் அதைத் தூக்கிட்டு வந்து ஷாஹி பாப்பா வீட்டுல வச்சிடு.”

பஷந்தி மாமா அசையவில்லை. கட்டிய மெத்தை மேல் மெதுவாக உட்கார்ந்தார். குழந்தையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

“பஷந்தி?”

அறைக்குள்ளிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. “அவரு இன்னிக்கு லீவு பாஷா.”

ஒன்பது பேரும் கூரையைப் பார்த்தார்கள். சங்கத்தின் விதிகளில் இதற்கு ஏதாவது வழி இருக்கிறதா என்று பாஷா யோசித்தார். இல்லை போலிருக்கிறது. கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டினார். ஹைஸமைக் கண்ணால் கூப்பிட்டார். இருவரும் ஏறிப் போனார்கள்.

இறங்கி வரும் சத்தம் கேட்க வெகு நேரமாயிற்று. கம்ப்யூட்டர் பெட்டியின் ஒரு முனை பாஷாவிடம், மறு முனை ஹைஸமிடம். ஷாஹி வீடு மூன்றாவது மாடியிலேயே எதிரில் இருந்தது. இருவரும் அதை எதற்குக் கீழே கொண்டு வருகிறார்கள் என்று யாரும் கேட்கவில்லை. சபையின் முன்னால் கொண்டு வந்து வைக்க வேண்டும் என்று பாஷாவுக்கே தோன்றியிருக்க வேண்டும். கடைசி வளைவில் அவர் மூச்சு வாங்கியது. கால் ஒரு படியைத் தேடியது.

“வலது பக்கம் சுவரு இடிக்கும்,” என்றார் பஷந்தி மாமா, உட்கார்ந்த இடத்திலிருந்து. “பாத்து. மெதுவா.”